கற்பிப்போருக்கு யார் கற்பிப்பது?



பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் பதித்துள்ள மஞ்சள் வழிகாட்டிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் வட்டாரம் அது. ஒருவர் தடுமாறி விழுந்தபின் கைகொடுப்பவை அல்ல அக்கற்கள். அவர் வருவார் என்று முன்கூட்டியே எண்ணிப் பதித்தவை. நம் உயர்கல்விக்கூட வகுப்பறைகளில் அத்தகைய முன்னெண்ணம் உண்டா?

என் ஆசிரியர் பயிற்சிக் காலத்து நிகழ்வு ஒன்று. உடன் பயின்ற தோழி ஒருவருக்குச் செவித்திறன் குறைவு. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அன்றைய பாடம் சிறப்புத் தேவையுள்ள மாணவரைப் பற்றியது. விரிவுரைஞரோ ஒரு மணி நேரமும் வெண்பலகையை நோக்கியபடியே பேசி முடித்தார்! அவர் நல்லவர், அறிவு மிக்கவர். ஆனால், வகுப்பில் எத்தகையோர் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாடத்தை வடிவமைக்க அவருக்கு எவரும் பயிற்சி அளித்திருக்கவில்லை.

பின்னர் நானும் அவ்வாறே கற்பித்தேன். கிள்ளானில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில், 'சோம்பேறி' என்று நான் கடிந்துகொண்ட மாணவனுக்கு ஒரு காது கேளாது என்பதை ஓராண்டு கழித்தே அறிந்தேன். அந்த வெட்கம் இன்றும் நீங்கவில்லை. நாம் பயின்ற முறையிலேயே பயிற்றுவிக்கிறோம். ஆகவே, விரிவுரைஞரின் குறை தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்புவரை வந்து சேர்கிறது.

சட்டம் தெளிவாகவே உள்ளது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, உயர்கல்வியிலிருந்தும் அவர்களை ஒதுக்கலாகாது என்கிறது. கற்பித்தல் முறையிலும் ஏற்ற மாற்றங்களைச் செய்யப் பணிக்கிறது. 2010-இல் மலேசியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆவது விதி, கல்வியின் எல்லா நிலைகளிலும் பணிபுரிவோருக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அப்பிள்ளைகள் நாளை பல்கலைக்கழக வாயிலில் நிற்பார்கள்.

தொடக்கப்பள்ளியில் கற்பிக்கக் கல்வியியல் பயிற்சி தேவை. பல்கலைக்கழக விரிவுரைஞரோ பெரும்பாலும் ஆய்வுப் பட்டத்தைக் கொண்டே பணியில் அமர்கிறார். அவருக்கு ஒருநாள் பட்டறை போதாது. அமெரிக்காவின் காஸ்ட் நிறுவனம் வகுத்த 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' மூன்று வழிகளைக் காட்டுகிறது: ஆர்வத்தைப் பலவாறு தூண்டுதல், பாடத்தைப் பல வடிவங்களில் வழங்குதல், கற்றதை வெளிப்படுத்தப் பல வாய்ப்புகள் தருதல். குறிப்புகளை முன்னதாகவே கொடுப்பதும், மாணவரை நோக்கிப் பேசுவதும் இதில் அடங்கும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

இது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியதன்று. ஆறாண்டு தமிழில் பயின்று, பின் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களோடு போராடும் நம் ஏழைப் பிள்ளைகளுக்கும் இதே வடிவமைப்பு துணைநிற்கும்.

"தரம் குறையுமே" என்பர் சிலர். அடைய வேண்டிய இலக்கை எவரும் தாழ்த்தச் சொல்லவில்லை. அதை அடையும் பாதையை அகலப்படுத்தவே சொல்கிறோம்.

பெற்றோர்களே, பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் நாளில் கட்டணத்தையும் விடுதியையும் மட்டும் கேட்காதீர்கள். "இங்குக் கற்பிப்போருக்கு எத்தகைய பயிற்சி அளிக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்பார் இருந்தால்தான் மாற்றம் வரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!