நட்டுட்டுப் போயிடறீங்களே, அப்புறம்?

திண்டிவனம் பக்கம் நிலம் வாங்க வரும் சென்னைக்காரர்களிடம் புரோக்கர்கள் தவறாமல் ஒரு வசனம் விடுவார்கள். "தைலமரம் போட்டுடுங்க சார். தண்ணி வேணாம், ஆள் வேணாம், ஆடு மாடு கடிக்காது. அஞ்சு வருஷம் கழிச்சு வந்து வெட்டிக்கலாம்." ஆடு மாடு கடிக்காது என்பது நிஜம். மத்ததை நம்பாதீங்க.

லெப்டோசைப் இன்வேசா என்று ஒரு குளவி. ஆஸ்திரேலியாப் பூச்சி, கொசுவை விடச் சின்னது. 2000-க்குப் பிறகு நாடு நாடாகப் பரவியது. இந்தியாவில் இதை முதலில் பார்த்த இடங்களில் நம்ம விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமும் ஒன்று. இளந்தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். இலை சுருண்டு, கொழுந்து நின்றுபோய், கன்று புதர் மாதிரி குட்டையாகிவிடும். ஆண் பூச்சி இல்லாமலே பெண் இனம் பெருக்கும். ஏக்கர் கணக்கில் ஒரே குளோனை நட்டு வைத்தால் அதுக்குக் கொண்டாட்டம்தானே?

ஆறு மாசம் கழிச்சு வந்து பார்க்கிற முதலாளி என்ன செய்வார்? "யூரியா போடு, மருந்து அடி" என்பார். யூரியா போட்டால் இன்னும் தளிர் விடும், குளவிக்கு இன்னும் இடம் கிடைக்கும். புழு முடிச்சுக்குள்ளே பத்திரமாக இருக்கும், மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. அந்தப் புழுவைத் தின்னும் நல்ல குளவிகள் உண்டு. மருந்தில் சாவது அதுங்கதான்.

செய்ய வேண்டியது வேற. நர்சரியிலேயே கன்றைத் திருப்பிப் பாருங்க. காம்பில் முடிச்சு இருந்தா வாங்காதீங்க. குளவியைத் தாங்கும் குளோன் எதுன்னு கேட்டு, இரண்டு மூன்று ரகமாகக் கலந்து நடுங்க. முடிச்சு விழுந்த கொழுந்தைக் கிள்ளி எரிச்சிடுங்க. முதல் வெட்டுக்குப் பிறகு அடிக்கட்டையில் கொத்தாகத் துளிர்க்கும். தெம்பான ஒன்றிரண்டை விட்டு மீதியைக் கழிக்கணும். இதையெல்லாம் யார் செய்வது? ஆள் வேணாம்னு சொன்னாரே, அந்தப் புரோக்கரா?

அடுத்தது வரப்பு. உங்க மரத்தோட வேர் பத்திரத்தில் இருக்கிற எல்லையைப் படிச்சுப் பார்த்துட்டு வளராது. ஒட்டிய காணியில் மல்லாட்டை போட்டவனுக்கு ஓரத்துச் செடியெல்லாம் சவலை. எல்லையிலிருந்து தள்ளி நடணும், நடுவில் ஆழமாகப் பள்ளம் எடுக்கணும், தூர்ந்தால் மறுபடி எடுக்கணும். கேட்கலாம்னா நீங்க ஊர்ல இல்லை.

கர்நாடகா 2017-ல் புதிதாகத் தைலமரம் நடவே தடை போட்டது. இங்கேயும் தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்க படிக்கிற பேப்பருக்குக் கட்டை வேணும். ஆள் கிடைக்காமல் தவிக்கிற சின்ன விவசாயிக்குச் சவுக்கும் தைலமும்தான் இன்றைக்குக் கைகொடுக்குது. ஆனால் அவன் தினமும் அந்த வழியாக நடக்கிறான், முடிச்சு விழுந்தால் அவன் கண்ணில் படும்.

அதனால் வெளியூர் முதலாளிகளுக்குச் சொல்றேன். மாசம் ஒருமுறை வந்து பார்க்க முடியாதென்றால் உள்ளூரில் ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. அதுவும் முடியாதென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விடுங்க. மல்லாட்டையாவது விளையும்.