ஒரே நாளில் புதுப்பல்லா?

'ஒரே நாளில் நிலையான பல்வரிசை' என்னும் விளம்பரம் நம் ஆசிரியர் அறை வரைக்கும் வந்துவிட்டது. ஊழியர் சேமநிதிப் பணத்தை அதற்கென ஒதுக்கிய பெற்றோரையும் அறிவேன்.

அன்பர்களே, அன்று பொருத்தப்படுவது பெரும்பாலும் தற்காலிக வரிசையே. தாடைக்கு நான்கு அல்லது ஆறு டைட்டேனியம் திருகுகள். அவற்றோடு எலும்பு ஒட்டி வளர 3 முதல் 6 மாதங்கள் ஆகும். 1965இல் சுவீடனில் பிரனேமார்க் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அன்று முதல் எலும்பு அவசரப்பட்டதில்லை, அவசரம் விற்பவருக்குத்தான்.

பல் முழுதும் இழந்தோர்க்கு இஃது அரிய மருத்துவம். தகரமும் வகரமும் பல்லின் துணையின்றிப் பிறவா. கழன்றாடும் பொய்ப்பல்லோடு பாடம் நடத்தியோர் அதை அறிவர். என் சினமெல்லாம், காப்பாற்றக்கூடிய பற்களையும் பிடுங்கி 'முழு வரிசை' விற்கும் வணிகத்தின் மீதே.

செயற்கைப் பல்லில் சொத்தை விழாது, உண்மை. ஆயினும் துப்புரவு குறைந்தால் திருகைச் சுற்றி ஈறு வீங்கும், எலும்பு கரையும். புகைப்போர்க்கும் இனிப்புநீர் கட்டுப்படாதோர்க்கும் இவ்விடர் மிகுதி. நம்மவர் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை? விளம்பரத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் காணோம்!

முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: எந்தப் பல்லையெல்லாம் காப்பாற்றலாம்? திருகு தளர்ந்தால் செலவு யாருடையது?