சுற்றுலா நாளிலும் மாத்திரை உண்டு

ஆடிப்பெருக்கு நெருங்கும் நாள்களில் வலிப்பு நோயாளரின் குடும்பத்தார் எங்களிடம் கேட்பது ஒன்றுண்டு: "ஒகேனக்கல் போகிறோம், ஒரு நாள் மாத்திரையை விட்டால் என்ன?" விடக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பல மாதங்களாக வலிப்பு வரவில்லையெனில் அது மாத்திரையின் பயனாகவே இருக்கலாம். வேளை தவறினால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். பயண நாளிலோ பின்னிரவில் எழுந்து புறப்படுவதால் உறக்கமும் கெடுகிறது. உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும். தரையில் வரும் வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். ஆற்றில் அந்த இரண்டு நிமிடமே உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஆகவே, வலிப்பு முழுமையாகக் கட்டுப்படாதவர் காவிரியில் இறங்குவதையும் பரிசலில் ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். மிதவைச் சட்டை முழுக் காப்பு ஆகாது. கட்டுப்பட்டவரும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே செல்க. கரையில் அமர்ந்து, அருகில் ஒருவர் துணையிருக்க, சொம்பில் மொண்டு குளிக்கலாம். மீன் வறுவலுக்குத் தடையில்லை, மதுவுக்கு உண்டு.

மறந்த மாத்திரையை நினைவு வந்தவுடன் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் உட்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கலாகாது. பெனிடாயின் அளவு சற்றே மிகுந்தாலும் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும். கார்பமசெபின் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்பு தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வருக. வால்புரோயேட் உட்கொள்ளும் பெண்கள் கருத்தரிக்க எண்ணும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது.

எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது மறைத்தலே. வலிப்பைத் திருமணத்திற்குத் தடையாகக் கூறிய சொல், இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. உறவினர் காண்பார்களே என்று அஞ்சி, மகளின் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் தாய்மார் உண்டு. உடன் பயணம் செய்வோருள் ஒருவருக்கேனும் உண்மை தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாதவர் என்ன செய்வார்? கையில் இரும்பைத் திணிப்பார், வாயில் நீர் வார்ப்பார்.

இரண்டுமே தவறு. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பகுதி ஆடையைத் தளர்த்தி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கடந்தாலும், நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலும் 108ஐ அழையுங்கள். நீரில் வந்துவிட்டால், முகம் நீருக்கு மேல் இருக்குமாறு தாங்கிக் கரைசேருங்கள். பின்னர் தெளிவாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், நுரையீரலில் நீர் புகுந்திருக்கக்கூடும்.

மாத்திரைகளை வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். இரு நாள்களுக்கு மிகுதியாகவே எடுத்து, மருந்துச் சீட்டுடன் நீர் புகாத டப்பாவில் இட்டு, கரையில் இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள்.