வீடு வாங்க லாயர் எதற்கு?



செக்ரோலில் ஒரு நாள் சம்பளம் குறைந்துவிட்டால், கிராணியைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டு என்று ஆபீஸ் வாசலில் நிற்கிறோம். அது நம் உரிமை, நிற்கத்தான் வேண்டும். ஆனால் 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், அதே ஆள் 30,000 வெள்ளியை ஒரு வெள்ளைத்தாளை நம்பிக் கொடுத்துவிட்டு வருகிறார். அன்றைக்கு மட்டும் யாரையும் கணக்குக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை!

1974இல் விமான நிலையம் திறந்ததிலிருந்து செனாய் பக்கம் எப்படி மாறிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். பால் மரம் நின்ற இடத்தில் தொழிற்சாலை, தாமான். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் தலைக்கு மேலே ஒரு கூரைக்கு நம்மிடம் இருப்பது அந்த ஒரு தொகைதான். அது போனால் மறுபடி வராது.

கூட்டத்துக்குப் போகும் இடமெல்லாம் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான்: "தலைவரே, விக்கிறவரு நமக்குத் தெரிஞ்சவரு, ஒரே கோயில்ல சாமி கும்பிடுறோம். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பும் அடிச்சாச்சு. அப்புறம் லாயர் எதுக்கு?"

ஆணையர் முத்திரை குத்தினால், கையெழுத்துப் போட்டது இன்னார் என்பதற்கு அவர் சாட்சி. அவ்வளவுதான். ஸ்டாம்பு அடித்தால் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரி சேர்ந்தது என்று அர்த்தம். இரண்டுமே வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றாது. 1966இல் அமலுக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி நிலப் பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர். வெள்ளைத்தாள் எழுதிக் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் கண்ணை மூடினால், பதிவேட்டில் அவர் பெயர்தானே இருக்கிறது? அவர் பிள்ளைகள் வந்து, "எங்க அப்பா வீடு" என்று நிற்பார்கள். உங்களிடம் இருக்கும் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் கோர்ட் படி ஏற வேண்டும். வீடு வாங்க வேண்டாம் என்று ஒதுக்கிய லாயர் செலவு, வழக்குக்குப் பல மடங்காகத் திரும்பி வரும்.

சரி, லாயர் என்னதான் செய்கிறார்? முதலில் நில அலுவலகத்தில் தேடுதல் போடுவார். முக்கிம் கிராண்ட் என்றால் கூலாய் நில அலுவலகத்தில், பெரிய கிராண்ட் என்றால் கோத்தா இஸ்கண்டாரில் உள்ள மாநில நில, கனிம அலுவலகத்தில். வீடு பேங்கில் அடமானம் இருக்கிறதா, கேவியட் போட்டிருக்கிறதா, மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று கிராண்டில் எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். மலிவு விலை வீடுகள் பலவற்றில் இந்தக் கடைசி நிபந்தனை உண்டு. நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் அதில்தான். பிறகு ஒப்பந்தம். முன்பணம் கைமாறியதும், உங்கள் பெயரில் கேவியட் போட்டால் விற்றவர் அதே வீட்டை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. கடைசியில் 14ஏ பாரம் பதிவானால்தான் வீடு உங்களுடையது.

ஆள்மாறாட்டமும் நடக்கிறது, தோழர்களே. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஓர் அம்மாவின் நிலத்தை அவர் பெயரில் போலிக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டார்கள். வாங்கியது ஒரு கம்பெனி. 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொந்தக்காரர் நிலத்தை இழந்தார். அடோர்னா வழக்கு என்று சொல்வார்கள். பத்து வருடம் நாட்டில் நிலம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பயம். 2010 ஜனவரியில் அதே நீதிமன்றம், அந்தத் தீர்ப்பு தவறு என்று வேறொரு வழக்கில் சொன்னது. சொந்தக்காரருக்கு அது நல்ல செய்தி. வாங்குகிறவர் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏனென்றால் போலி ஆளிடம் நேராக வாங்கியவர், "நான் நல்ல மனசோடதான் காசு கொடுத்தேன்" என்றாலும் நிலம் அவரிடம் நிற்காது.

அடுத்த கேள்வி செலவு. லாயர் வாய்க்கு வந்ததைக் கேட்க முடியாது. 2023ஆம் ஆண்டு கட்டண ஆணை இருக்கிறது. முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. 200,000 வெள்ளி வீட்டுக்கு 2,500 வெள்ளி. முத்திரை வரி தனி. அதே வீட்டுக்கு முதல் இலட்சத்துக்கு ஆயிரம், அடுத்த இலட்சத்துக்கு இரண்டாயிரம், ஆக 3,000. முதல் வீடு வாங்குகிறவருக்கு விலக்கு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பேங்கில் கடன் எடுத்தால் அந்தப் பத்திரத்துக்கு இன்னொரு கட்டணம். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக்காரனுக்கு இது பெரிய தொகைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். லாயர் கட்டணம் ஒன்றரை மாத வேர்வை. வீடோ முப்பது வருட வேர்வை.

புது வீடு வாங்குகிறவர்கள் "லாயர் இலவசம்" என்ற போர்டைப் பார்த்து மயங்குகிறார்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 84ஆவது பிரிவைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வீடமைப்பாளருக்கு வேலை செய்யும் லாயர் அதே விற்பனையில் வாங்குபவருக்கும் வேலை செய்யக் கூடாது. அப்படியென்றால் அந்த இலவச லாயர் யாருடைய ஆள்? நீங்களே சொல்லுங்கள்! பேங்க் கடனைப் பார்க்கும் லாயரும் பேங்குடைய நலனைத்தான் பார்ப்பார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் "புக்கிங்" பணம் வாங்குவதும் வீடமைப்பு விதிகளுக்கு விரோதம். ஆனாலும் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் லாயர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பா பிள்ளைக்கு அன்பளிப்பாக மாற்றுவதற்கு, கடன் பாக்கி இல்லாவிட்டால், நில அலுவலகத்துக்கு இரண்டு பேரும் நேரில் போய்ச் செய்யலாம். உயில் எழுதாமல் இறந்தவரின் வீட்டை 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி வாரிசுகளே மனுச் செய்து மாற்றிக்கொள்ளலாம். இதை விட்டுவிட்டுத் தரகரிடம் போகாதீர்கள். சட்டப்படி லாயர் வேலையைக் காசுக்குச் செய்யத் தரகருக்கு அதிகாரமே கிடையாது.

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் முதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிமகன் அல்லாதவர் நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்குப் பயந்து, தெரிந்தவர் பெயரில் வீட்டைப் போட்டுவிட்டு, "அவரு குடுத்துருவாரு" என்று இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு நீலக் கார்டு இருந்தால் அவன் பெயரிலேயே வாங்கலாமா, இல்லை அனுமதிக்கு மனுச் செய்யலாமா என்று லாயரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்பந்தத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல நேரமில்லை என்கிற லாயரிடம் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். கொடுக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும் அலுவலக ரசீது வாங்குங்கள்.