மேலே அனுப்பி வைத்தவர்கள்

அமெரிக்கர்களின் பேஸ்போல் விளையாட்டு எமக்கு அவ்வளவு பழக்கமானதல்ல. எமது எல்லே விளையாட்டைத் தெரிந்தவர்கள் அதை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். அந்த விளையாட்டில் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் பெயர் வெளியே தெரியாமல் உழைத்த ஒரு மனிதரின் வாழ்க்கை, வெற்றி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வியை எழுப்புகிறது. அவர் பெயர் பிரையன் ஸ்னிட்கர்.

பேஸ்போலின் உச்சம் மேஜர் லீக். அதில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் மைனர் லீக் எனப்படும் சிறிய அணிகள் படிப்படியாக இருக்கின்றன. பாடசாலையை விட்ட கையோடு வரும் இளைஞர்கள் கீழ்ப்படியில் சேர்ந்து மேலே ஏறப் பார்க்கிறார்கள். சம்பளம் குறைவு. ஒரு சிறு நகரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரவிரவாக பஸ்ஸில் போக வேண்டும். சேர்பவர்களில் பெரும்பாலோர் உச்சியைக் காண்பதேயில்லை.

இந்தச் சிறிய அணிகளின் முகாமையாளர் செய்யும் வேலை விசித்திரமானது. அவரிடம் பயிலும் ஒருவர் திறமை காட்டத் தொடங்கியதும், மேலேயுள்ள அணி அவரை எடுத்துக்கொள்ளும். முகாமையாளர் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுக்கிறாரோ, அவ்வளவு விரைவாகத் தன் சிறந்த வீரர்களை இழப்பார்.

ஸ்னிட்கர் 1977இல் அட்லாண்டா பிரேவ்ஸ் நிறுவனத்தில் வீரராகச் சேர்ந்தார். மேஜர் லீக்கில் ஒரு போட்டியேனும் ஆடக் கிடைக்கவில்லை. 1980இல் அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தபோது, இளம் வீரர்களை உருவாக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஹேங்க் ஆரன் அவரைப் பயிற்றுநராக வைத்துக்கொண்டார். 755 ஹோம் ரன்கள் அடித்த, உலகமறிந்த வீரர் ஆரன். 1982இல் தென் கரோலினாவின் அன்டர்சன் நகர அணிக்கு ஸ்னிட்கர் முகாமையாளரானார். அப்போது அவருக்கு வயது 26.

அதன்பின் டர்ஹம், மேக்கன், கிரீன்வில் என்று ஊர் ஊராக அணிகள் மாறின. இடையிடையே அட்லாண்டாவுக்கு உதவிப் பயிற்றுநராக அழைக்கப்பட்டார். மறுபடியும் கீழே அனுப்பப்பட்டார். 2005இல் அவர் நடத்திய மிசிசிப்பி அணியிலிருந்து பிரையன் மெக்கான், ஜெஃப் பிராங்கோர் என்ற இரு இளைஞர்கள் பருவத்தின் நடுவில் நேரே மேஜர் லீக்குக்குப் போனார்கள். ஸ்னிட்கர் மிசிசிப்பியிலேயே மற்றவர்களைப் பயிற்றிக்கொண்டிருந்தார். 2007 முதல் ஏழு வருடங்கள் அட்லாண்டாவில் பயிற்றுநராக இருந்த பிறகும், 58 வயதில் மைனர் லீக்குக்கே திரும்ப வேண்டி வந்தது. அவர் அதையும் ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

2016 மே மாதம் பிரேவ்ஸ் அணி 37 போட்டிகளில் ஒன்பதில் மட்டுமே வென்றிருந்தது. முகாமையாளர் நீக்கப்பட, 60 வயது ஸ்னிட்கர் தற்காலிகமாக அந்த இடத்துக்கு வந்தார். பின்னர் நிரந்தரமானார். 2021இல் அந்த அணி உலகத் தொடரையே வென்றது. அவருக்கு முதன்முதலில் பயிற்றுநர் வேலை கொடுத்த ஆரன் அதே வருடம் ஜனவரியில் காலமாகியிருந்தார்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2016இல் அந்த அழைப்பு வராமலே போயிருந்தால், அவர் அதுவரை செய்ததெல்லாம் வீணா?

ஸ்டான் வாசியாக் என்பவருக்கு அந்த அழைப்பு வரவேயில்லை. 1950 முதல் 1986 வரை தொடர்ந்து 37 பருவங்கள் மைனர் லீக் அணிகளை நடத்தினார். 2,530 போட்டிகளில் வென்றார். ஒரு நாளாவது மேஜர் லீக்கில் முகாமையாளராக நிற்கவில்லை. ஸ்னிட்கரின் கிண்ணத்தை மட்டும் பார்ப்பவர்கள் வாசியாக்கைத் தோற்றவர் என்றுதான் சொல்ல வேண்டி வரும். அவரிடம் தொழில் கற்ற இளைஞர்கள் அப்படிச் சொல்வார்களா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் நாமும் மேஜர் லீக்கை மட்டுமே பார்க்கிறோம். மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போகிறவர்களின் படங்கள் பதாகையில் ஏறுகின்றன. அவர்கள் உழைத்தவர்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு முதலாம் ஆண்டில் எழுத்தறிவித்த ஆசிரியையையும், அலிஃப், பே சொல்லிக்கொடுத்த முஅல்லிமாவையும் எந்தப் பதாகையிலும் காண்பதில்லை. ஆசிரியையாகப் போக விரும்பும் பிள்ளையிடம், "இவ்வளவு படித்தும் இதற்குத்தானா?" என்று கேட்கும் வீடுகளும் இருக்கின்றன.

ஸப்ர் என்றால் பரிசு வரும்வரை கைகட்டிக் காத்திருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். கையிலுள்ள வேலையை, யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பதே ஸப்ர் என்பது என் கருத்து. பெற்றோர்களே, பிள்ளை எவ்வளவு உயரத்துக்குப் போனாள் என்று கேட்கும்போது, எத்தனை பேரை உயர்த்திவிட்டாள் என்றும் ஒருமுறை கேளுங்கள். வாசியாக்கின் 37 வருடங்களுக்கு அந்த இரண்டாவது கேள்வியில்தான் மதிப்பெண் கிடைக்கும்.