உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி

ஹைதராபாத்தின் வடபுறம், ஜீடிமெட்லா தொழிற்பேட்டை. மருந்தும் ரசாயனமும் இயந்திர உதிரிபாகங்களும் தயாராகும் இடம். இத்தகைய ஆலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி ஓய்வூதியம் உண்டு. 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதற்கும் ஒரு நிபந்தனை: உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். தவறினால் பணம் நின்றுவிடும்.

2014 நவம்பரில் வந்த 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு வாழ்நாள் சான்றிதழ் வங்கி வாசலில் காத்திருப்பதைக் குறைத்தது. ஆனால் அது பெரும்பாலும் கேட்டது விரல் ரேகையை. இரும்பிலும் அமிலத்திலும் தேய்ந்த விரல்களை இயந்திரம் எளிதில் அடையாளம் காண்பதில்லை. உழைப்புக்குக் கிடைத்த ஓய்வூதியத்துக்கு உழைப்பே குறுக்கே நின்றது.

2021 நவம்பரில் முக அடையாள முறை வந்தது. கைபேசி கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால் போதும். ஆனால் ஸ்மார்ட்போன் வேண்டும், ஓ.டி.பி. வேண்டும். சான்றிதழ் புதுப்பிப்பதாகச் சொல்லி அந்த எண்ணைக் கறக்கும் மோசடிக்காரர்களும் அதே போனில்தான் அழைக்கிறார்கள்.

தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும் வசதி 2020 முதல் உண்டு. தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும், பெரியவர்கள் தயங்காமல் கதவு திறப்பது தெரிந்த முகத்துக்குத்தான்.