கைவிடப்பட்ட விளையாட்டு யாருக்குச் சொந்தம்?



கே.கே. நகரில் எங்கள் மாலை வகுப்புக்கு வருவோரில் கல்லூரியில் கணினி பயிலும் இளைஞர்களும் உள்ளனர். அவர்களுள் சிலர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டனர். தனியொருவர் உருவாக்கிய கணினி விளையாட்டு ஒன்று பாதியில் நின்றுவிட்டது. ஆக்கியவர் மின்னஞ்சலுக்கும் பதில் தருவதில்லை. அதைப் பிரித்து ஆராய்ந்து, விட்ட இடத்திலிருந்து நாங்கள் வளர்த்துச் செல்வது ஆகுமானதா என்பதே அக்கேள்வி. விளையாட்டுத்தானே என்று இதை ஒதுக்கிவிட இயலாது. பிறர் உழைப்பின் மீது நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதே இதன் சாரம்.

ஒரு விளையாட்டு நம் கைக்கு வரும்போது, கணினிக்கு மட்டுமே விளங்கும் எண்களின் தொகுப்பாகவே வருகிறது. மனிதர் படிக்கத்தக்க மூலநிரல் ஆக்கியவரிடமே தங்கிவிடுகிறது. அந்த எண்களிலிருந்து கட்டளைகளைப் படித்தறிந்து, எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து, மீண்டும் நிரலாக எழுதுவதையே பின்னோக்குப் பொறியியல் என்கின்றனர். அதற்குப் பெரும் பொறுமை வேண்டும்.

இதற்கு அறியப்பட்ட முன்னுதாரணம் ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’. இரயில், பேருந்து, கப்பல், விமானம் ஆகியவற்றைக் கொண்டு போக்குவரத்து நிறுவனம் நடத்தும் இவ்விளையாட்டு 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. கிறிஸ் சாயர் என்பவர் இதன் நிரலை அசெம்பிளி மொழியில் எழுதினார். 1995இல் மேம்பட்ட பதிப்பு வந்தபின் அவர் வேறு ஆக்கங்களுக்குச் சென்றுவிட்டார். சுவீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் அந்த நிரலைப் பிரித்தறிந்து சி மொழியில் மாற்றி, 2004இல் ‘ஓப்பன் டிடிடி’ என்ற பெயரில் வெளியிட்டார். தொடக்கத்தில் அதனை இயக்க மூல விளையாட்டின் படங்களும் ஒலிகளும் தேவைப்பட்டன. பின்னர் தன்னார்வலர்கள் அவற்றுக்கு ஈடாகப் புதிய படங்களை வரைந்தனர். புதிய ஒலிகளையும் இசையையும் உருவாக்கினர். 2010இல் வந்த 1.0 பதிப்பை மூலக் கோப்புகள் ஏதுமின்றியே விளையாட முடிந்தது. இன்று அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று.

இதில் பாராட்டத்தக்கது, இரவல் பொருளை ஒவ்வொன்றாக நீக்கித் தம் உழைப்பை அங்கே வைத்தார்களே, அதுதான். எனினும் தொடக்கம் பிறருடைய நிரலை மொழிமாற்றியதே ஆகும். ஆகவே அதைக் குறையற்ற முன்மாதிரி என்று நான் கூறமாட்டேன்.

நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஆசிரியரின் வாழ்நாளும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஆக்கியவர் பதில் தராததால் மட்டும் அது அற்றுப்போவதில்லை. உரிமையைத் துறக்க விரும்பினால் அவர் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 21. அதே சட்டத்தின் பிரிவு 52, முறையாக வாங்கிய நிரலை இயக்கிக் கவனித்து, அதன் அடிப்படைக் கருத்துகளை அறிந்துகொள்ள இடமளிக்கிறது. அறிந்துகொள்வது வேறு, அப்படியே பிரதியெடுத்துப் பரப்புவது வேறு.

மார்க்க அறிஞர்கள் இதற்கு நெருக்கமான ஒன்றை நெடுங்காலம் முன்பே விவாதித்துள்ளனர். தரிசு நிலத்தை ஒருவர் பண்படுத்தினால் அது அவருக்குரியது. அவர் அதைக் கைவிட்டு, நிலம் மீண்டும் தரிசாகிவிட்டால்? இரண்டாவதாகப் பண்படுத்துபவருக்கே உரிமை என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. முதலாமவரின் உடைமை நீங்காது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. இன்றைய ஆக்கங்களைப் பொறுத்தவரை, 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது.

இவற்றை ஒருசேர நோக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: பயன்பாட்டில் இல்லாத பொருள் உரிமையாளர் இல்லாத பொருளாகிவிடாது. ஆனால் அறிவு எவருக்கும் பயன்படாமல் அழிந்துபோவதும் நன்றன்று. எனவே இளைஞர்கள் முதலில் ஆக்கியவரைத் தேடட்டும். மின்னஞ்சலோடு நின்றுவிடாமல், வெளியிட்ட நிறுவனம் வழியாகவும் முயலட்டும். அனுமதி கிடைத்தால் அதை எழுத்தில் பெறட்டும். கிடைக்காவிட்டால், விளையாடிக் கற்ற கருத்துகளைக் கொண்டு நிரலையும் படங்களையும் பெயரையும் தாமே புதிதாக ஆக்கட்டும். வழிகாட்டிய மூல ஆக்கத்தை நன்றியுடன் குறிப்பிடட்டும். இவ்வழி நீண்டதுதான். ஆனால் அதன் முடிவில் கையில் இருப்பது முழுமையாகத் தம்முடையதாக இருக்கும்.

ஆக்குவோருக்கும் ஒரு சொல். டெர்ரி கவனா என்ற தனிக் கலைஞர், தம் ‘விவிவிவிவிவி’ விளையாட்டின் 10ஆம் ஆண்டு நிறைவில், 2020இல், மூலநிரலைத் தாமே வெளியிட்டார். எவரும் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே எழவில்லை. மரண சாசனம் எழுதத்தக்க பொருள் உடையவர், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. வீட்டையும் நகையையும் எண்ணியே நாம் அதைப் படிக்கிறோம். கணினியில் உறங்கும் ஆக்கங்களும் நம் உடைமைகளே. ‘நான் தொடராவிட்டால் இன்னார் தொடரலாம்’ என்ற ஒற்றை வரியை இன்றே எழுதிவையுங்கள். பின்னால் வருபவர் ஹலாலா, ஹராமா என்று தயங்கி நிற்கும் நிலையை அந்த ஒரு வரி நீக்கிவிடும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.